ஒட்டுப்பால் ரொபர்ட்

புளத்கொகுபிட்டியவில் பஸ்ஸை விட்டு இறங்கி, வேன்காரர் ரொபர்ட்டின் வீடு எது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஒட்டுப்பால் ரொபர்ட் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். அவன் என் தம்பி. எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இரண்டு பேர்தான், நான் மூத்தவள். அந்தப் பெயர் அவனுக்கு எப்படி வந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். தோட்டத்து ஒட்டுப்பாலை அவன் திருடி விற்றான் என்று ஒருவர் என் முன்னாலேயே சொன்னார். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் ஒரு காரியத்தை முன்னுக்குப் பின் மாற்றிச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஒட்டுப்பால் என்பது ரப்பர் மரத்தில் பால் வடிந்து முடிந்த பிறகு, வெட்டின கோட்டிலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்து கிடக்கும் மிச்சம். அடுத்த வெட்டுக்குப் போகும்போது அதை உரித்துப் பையில் போட்டுக்கொள்வோம். தோட்டத்துக் கணக்கில் அதற்கும் நிறுவை உண்டு. ஆனால் ஒரு பிடி இரண்டு பிடி எல்லோர் வீட்டிலும் இருக்கும். கூரைத் தகரம் ஒழுகினால் ஒட்டுப்பால், வாளியில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப்பால், செருப்பு வாய் பிளந்தால் ஒட்டுப்பால். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அடைக்க முடியாத ஓட்டை என்று ஒன்று இருப்பதாகவே தோன்றாது.

ரொபர்ட்டுக்குப் பால் கத்தி கைக்கு வரவில்லை. மரத்தைக் காயப்படுத்திக் கங்காணியிடம் ஏச்சு வாங்கியதுதான் மிச்சம். தோட்டத்து லொறியில் கிளீனராகப் போனான். லொறி நிற்கிற நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து ஓட்டப் பழகினான். பிறகு கேகாலையில் ஒருவருடைய வேனைச் சில வருடம் ஓட்டி, கடைசியில் சொந்தமாக ஒரு பழைய பெற்றோல் வேனை வாங்கி வந்து, வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நிறுத்தினான். எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசனில் சொந்தமாக நாலு சக்கரம் வாங்கிய முதல் ஆள் என் தம்பிதான். அன்று அந்த வேனைக் கழுவிப் பொட்டு வைத்துக் குருசும் தொங்கவிட்டார்கள். நான் வேலைக்குப் போகாமல் அதன் பக்கத்திலேயே நின்றேன்.

அந்த வேனில் மேல் டிவிசன் பிள்ளைகளை டவுனில் இருக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் அவன் தொழில். பாதை மோசம். முன்பெல்லாம் எங்கள் பிள்ளைகள் நடந்துபோய், மழை வந்தால் பாதியில் திரும்பிவிடுவார்கள். அவன் வேன் வந்த பிறகு பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிற பிள்ளைகள் குறைந்தார்கள். அவனுடைய மகள் துஷ்யந்தியும் அந்த வேனில்தான் போவாள். அவள் தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தபடியால் பிள்ளை என் பொறுப்பில் இருந்தாள்.

இவ்வளவு நல்லவனிடம் ஒரு குணம் இருந்தது. அடுத்தவன் கையில் இருப்பது கண்ணில் பட்டுவிட்டால் சோறு இறங்காது. சின்ன வயதில், கோயிலில் பக்கத்துப் பையனுக்குப் பெரிய மெழுகுதிரியும் இவனுக்குச் சின்னதும் கொடுத்தார்கள் என்று பூசை முடியும்வரை எரியும் திரியையே முறைத்துக்கொண்டிருந்தான். வேன் வாங்கிய பிறகு அந்த எரிச்சல் முழுவதும் ஒரே ஆளின் மேல் போய்க் குவிந்தது. அந்த ஆள் முக்தார்.

முக்தார் டவுன்காரர், அண்ணன் முறையில் அவரை நானா என்று கூப்பிடுவார்கள். அவரிடமும் ஒரு பெற்றோல் வேன் இருந்தது. கீழ் டிவிசன் பிள்ளைகளை அவர் ஏற்றினார். முக்தார் ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டால் அடுத்த வாரம் ரொபர்ட் வேனில் சிவப்புத் திரை தொங்கும். முக்தார் இரண்டு குரலில் கத்துகிற ஹோன் பூட்டினார். இவன் கேகாலைக்குப் போய் மூன்று குரலில் கத்துகிறதைத் தேடி வாங்கினான். பள்ளிக்கூட வாசலில் ஆசிரியைமார் முக்தாரைப் பார்த்துச் சிரித்தால், அன்று மாலை என்னிடம் அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பேச்சு. “என்னக்கா இருக்கு அந்த ஆள்கிட்ட? என் வேனவிட ரெண்டு வயசு கூடின வேன்” என்பான். உண்மையைச் சொன்னால் எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது. என் தம்பி பெயர் முன்னால் வரவேண்டிய இடத்தில் அந்த மனிதரின் பெயர் வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, பெப்ரவரி வெயிலில், ரொபர்ட்டின் வேனுக்குள் பெற்றோல் வாசம் அடிக்கத் தொடங்கியது. வேன் நிற்கிற இடத்தில் மண் ஈரமாக இருந்தது. கீழே குனிந்து பார்த்தான். டாங்கியின் அடித்தகட்டில் துரு பிடித்து, சின்ன ஆணி முனை அளவில் ஓர் ஓட்டை. முதலில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்தான். பெற்றோல் சவர்க்காரத்தைக் கரைக்காது, ஆகவே ஒரு பயணத்துக்கு அது தாங்கும். ஆனால் எங்கள் பாதையின் குலுக்கலில் மாலைக்குள் உதிர்ந்துவிட்டது.

டவுன் கராஜுக்குக் கொண்டுபோயிருக்கலாம். அங்கே போகாததற்குக் காரணம் ஒன்றுதான்: முக்தார் பகல் நேரத்தில் அந்தக் கராஜ் வாசலில்தான் வேனை நிறுத்தி, பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பார். தன் டாங்கி ஒழுகுவது அவர் காதில் விழுந்தால், மாலைக்குள் மேல் டிவிசன் தாய்மார் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும், பிள்ளைகள் அவர் வேனுக்கு மாறிவிடுவார்கள் என்று ரொபர்ட் பயந்தான். எனக்குக்கூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் நின்று, ஒட்டுப்பாலை ஆணி மாதிரி உருட்டி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக அந்த ஓட்டைக்குள் திணித்து அடைத்துவிட்டான்.

முதல் இரண்டு நாள் ஒரு சொட்டும் வரவில்லை. பெற்றோல் பட்ட ரப்பர் முதலில் ஊதும். ஊதியபடியால் ஓட்டையில் இறுகிப் பிடித்துக்கொண்டது. தம்பி விசிலடித்துக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் மறுபடியும் கசியவே, ஸ்க்ரூடிரைவரால் குத்தி இன்னும் கொஞ்சம் திணித்தான். துருப்பிடித்த தகடு குத்துப்பட்டு விரிந்தது. ஓட்டை பெரிதானது, உள்ளே போன ஒட்டுப்பாலும் பெரிதானது.

அடுத்த நாள் காலையில் நான் ரோட்டோரத்து மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். தம்பியின் வேன் பிள்ளைகளோடு வளைவில் ஏறி வந்தது. இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. அவன் சாவியைத் திருப்பத் திருப்ப அது முனகியதே தவிர எழும்பவில்லை. கீழ் டிவிசன் பிள்ளைகளோடு டவுன் பக்கம் இறங்கிக்கொண்டிருந்த முக்தார், வளைவில் வேன் நிற்பதைக் கண்டு பின்னுக்கு எடுத்து வந்தார்.

“மச்சான், புள்ளைங்களுக்கு நேரமாகுது. என்ட வேன்ல ஏத்திக்கிறேன். நெருங்கி இருந்தா எல்லாருக்கும் எடம் வரும்” என்றார்.

ரொபர்ட் மறுபடியும் சாவியைத் திருப்பினான். பிள்ளைகள் அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துஷ்யந்தி ஓடிப்போய் முக்தாருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியாகத் தகப்பனுக்குக் கை காட்டினாள். நான் பால் வாளியை வைத்துவிட்டு இறங்கி வந்தேன். அவன் அந்த வேன் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“பாத்தியாக்கா, என் மகளும் முன் சீட்டுல” என்றான். வேன் நின்றுபோனதைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அவன் பெற்றோல் குழாயைக் கழற்றியபோது, வடிகட்டிக்குள் மூக்குச்சளி மாதிரி நூல்நூலாக ஏதோ இழுபட்டது. விரலில் தொட்டவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருடமாக என் கையில் ஒட்டுகிற சாமான் அது. என்ன செய்தாய் என்று கேட்டேன். சொன்னான்.

“கையில பால் ஒட்டிக்கிட்டா நாம எதைப் போட்டு கழுவுறோம் தம்பி?”

அவன் தன் கையைப் பார்த்தான். மண்ணெண்ணெய் கிடைக்காத நாளில் லொறிக்காரரிடம் ஒரு துளி பெற்றோல் கேட்டு வாங்கித்தான் நாங்கள் கையைத் துடைப்போம். ரப்பரைக் கரைக்கிறதே அதுதான். இது அவனுக்கும் தெரிந்த விஷயம். முக்தாரையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

ஆள் சேர்த்து வேனை லயத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை, கராஜுக்குப் போ என்றேன். தலை போனாலும் அங்கே போகமாட்டேன் என்றான். தோட்டத்துப் பட்டறையில் ஊதுவிளக்கு இருக்கிறது, டாங்கியைக் கழற்றி ஈயம் உருக்கி அடைத்தால் மாலைக்குள் முடிந்துவிடும், காலையில் பிள்ளைகளை ஏற்றலாம் என்பது அவன் கணக்கு.

“பெற்றோல எடுத்துட்டா வெறும் டாங்கிதானேக்கா. நாளைக்கும் அந்த ஆள் வேன்ல போனா புள்ளைங்க பழகிரும்.”

வெறும் டாங்கிதான் பொல்லாதது என்று சொன்னேன். நிறைந்த டாங்கிக்குள் பெற்றோல் இருக்கும். வெறும் டாங்கிக்குள் அதன் ஆவி காற்றோடு கலந்து நெருப்புக்காகக் காத்துக்கொண்டிருக்கும். தொழிற்சாலையில் வெறும் எண்ணெய்ப் பீப்பாவை நெருப்பு வைத்து வெட்டப்போய், மூடி கூரையைக் கிழித்துக்கொண்டு போனதை நான் கண்ணால் கண்டவள். அதை ஞாபகப்படுத்தியும் அவன் ஊதுவிளக்குக் கேட்கப் புறப்பட்டான். நான் வாசலில் குறுக்கே நின்றேன்.

“அந்தப் புள்ளைக்கு அம்மா குவைத்துல. அப்பனாவது ஊர்ல இருக்கணும்” என்றேன். அவன் செருப்பைக் கழற்றினான்.

நெருப்பில்லாமல் செய்வதென்று முடிவானது. அவசரப்படாமல் செய்வதென்பது என் நிபந்தனை. லயத்தில் வீட்டுக்கு வீடு அடுப்பு எரியும் என்பதால், வேனை மேலே விளையாட்டுத் திடலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பகல் வெளிச்சத்தில் மட்டும் வேலை. விளக்கு, பீடி எதுவும் கிட்டே வரக்கூடாது. என் வீட்டுக்காரர் பீடியோடு வேடிக்கை பார்க்க வந்தார், பாதி வழியிலேயே திருப்பி அனுப்பினேன். முதலில் பற்றரி வயர்களைக் கழற்றினான். பக்கத்தில் இரண்டு வாளி மணல் வைத்தோம். பிளாஸ்டிக் வாளியில் பிடிக்காமல், மூடி இறுகப் பூட்டுகிற இரண்டு இரும்புக் கேன்களில் பெற்றோலை இறக்கினான். துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, காற்று வரும் பக்கமாக நின்றான்.

அந்த இரண்டு கேன்களால்தான் பிரச்சினை வந்தது. தோட்டத்துக் காவல்காரர் வந்து பார்த்துவிட்டு, இதை இங்கே வைத்திருக்கக்கூடாது என்றார். அவர் பொல்லாதவர் இல்லை. அந்த யுத்த வருடங்களில் தமிழாட்கள் இருக்கும் லயத்தில் இரண்டு கேன் பெற்றோல் இருப்பதாக யாராவது சொன்னால், பொலிஸ் வந்து என்ன கேட்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இருட்டுவதற்குள் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நான் ஒஃபிசில் சொல்லவேண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். நிலத்தில் ஊற்ற முடியாது, கீழே நாங்கள் குடிக்கிற பீலித் தண்ணீர். தோட்டத்து லொறி, டிராக்டர், துரையின் ஜீப் எல்லாம் டீசல். பெற்றோலில் ஓடுவது அந்தச் சுற்றில் ஒரே ஒரு வாகனம்தான்.

அது முக்தாரின் வேன், ரொபர்ட் போய்க் கேட்கமாட்டான். பின்னேரம் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய முக்தாரை நான்தான் கை காட்டி நிறுத்தினேன். விஷயத்தைச் சொன்னேன், கேன்களைப் பற்றி மட்டும்.

“பொலிஸ் வந்தா கரச்சல் அக்கா, தாங்க, நான் எடுத்துக்கிறேன்” என்றார் முக்தார். “பெற்றோல் விக்கிற வெலைல சும்மா கெடைச்சா யார் வாணாம்பா?”

வேனைத் திடலுக்குக் கொண்டுவந்து இன்ஜினை நிறுத்தினார். சீட்டுக்கு அடியிலிருந்து புனலை எடுத்தார். நான் ரொபர்ட்டின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு நாளாக இறுகிப்போயிருந்த முகம் இளகியிருந்தது. உதவி கிடைத்த நிம்மதி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெற்றோலில் ஒட்டுப்பால் கரைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அதை ஊற்றினால் நாளைக்கோ மறுநாளோ முக்தாரின் வேனும் அதே வளைவில் இருமிக்கொண்டு நிற்கும், எல்லாப் பிள்ளைகளும் பார்க்கும். என் தம்பி தன் வாயைத் திறக்காமல் நின்றாலே போதும்.

திறந்தால் அவன் மானம் போகும். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ரப்பரால் பெற்றோல் டாங்கியை அடைத்தவன் என்று, யார் காதில் விழக்கூடாதென்று கராஜுக்கே போகாமல் இருந்தானோ, அந்த ஆளிடமே சொல்லவேண்டும். பிறகு எந்தத் தாய் அவனை நம்பிப் பிள்ளையை ஏற்றுவாள்?

முக்தார் டாங்கி மூடியைத் திறந்து புனலை வைத்தார். “மகள் நல்ல கெட்டிக்காரி மச்சான்” என்றார். “நாளைக்கும் முன் சீட்டு தனக்குத்தானாம். இப்பயே புக் பண்ணிட்டா.”

 அந்த வார்த்தை அவனுக்கு எங்கே குத்தியது என்று எனக்குத் தெரியும். நான் பேசத் தொடங்குமுன் அவன் கை நீண்டு கேனைப் பிடித்தது.

“ஊத்தாதீங்க நானா. அதுல ஒட்டுப்பால் கரைஞ்சிருக்கு.”

முக்தாருக்கு விளங்கவில்லை. எப்படி என்று கேட்டார். ரொபர்ட் தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னான், ஆணி மாதிரி உருட்டியது உட்பட. முக்தார் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. சிரித்துச் சிரித்து, வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“மச்சான், இனி டயர் பஞ்சரானா பெற்றோல் வெச்சி ஒட்டுவியா?” என்றார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஞ்சர் கடை ஜமால்தீனுக்கு இது உதவும் என்றார். டியூபுக்கு ஒட்டுப் போடுகிற பசையே ரப்பரைப் பெற்றோலில் கரைத்ததுதானாம். மூடியை இறுக்கிக் கேன்களை ஏற்றிக்கொண்டு போனார். வேன் மறையும்வரை அவர் தோள் குலுங்குவது தெரிந்தது.

“சொல்லாம விட்டிருக்கணும்” என்றான் தம்பி. அன்று அவன் சாப்பிடவில்லை.

ஜமால்தீனின் கடை பஸ் நிற்கிற இடத்தில் இருக்கிறது. காத்து நிற்கிற அத்தனை பேருக்கும் அவர் கதை சொல்லக்கூடியவர். ஒட்டுப்பால் ரொபர்ட் என்ற பெயரை வைத்தது அவர்தான். மறுநாள் நிறுவைக் கொட்டிலில் நான் பால் வாளியை இறக்குமுன்னரே பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கங்காணியின் மனைவி சிரிக்கவில்லை. இப்படிப்பட்ட ஆளை நம்பியா ரெண்டு ஆம்பளப் பிள்ளைங்கள ஏத்தினேன் என்று என் காதுபடச் சொன்னாள்.

இதற்கிடையில் திடலில் வேலை நடந்தது. டாங்கியைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்ததை மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கி எடுத்தான். பிறகு சுடுதண்ணீரும் சோப்புத்தூளும். தண்ணீரை லயத்தில் காய்ச்சித் திடலுக்குச் சுமந்தேன், அடுப்பைத் திடலுக்குக் கொண்டுவரவில்லை. வாசம் அடங்கும்வரை திரும்பத் திரும்பக் கழுவினோம். கழுவிய தண்ணீரைப் பீலிப் பக்கம் விடாமல் மேட்டில் ஒரு குழி வெட்டி ஊற்றினோம். பிறகு வாய்வரை நல்ல தண்ணீர் நிரப்பி ஓர் இரவு வைத்தோம். மறுநாள் கவிழ்த்து, வாய் திறந்தபடி வெயிலில் காயவிட்டோம்.

அந்த நாட்களில் காலையும் பின்னேரமும் முக்தாரின் வேன் திடலுக்குக் கீழே பிள்ளைகளோடு போகும். ரொபர்ட் உப்புத்தாளால் துருவைத் தேய்த்துக்கொண்டிருப்பான். வேன் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். துஷ்யந்தி வீட்டுக்கு வந்து, முக்தார் மாமா இதைச் சொன்னார் அதைச் சொன்னார் என்று தொடங்கினால் அவன் எழுந்து வெளியே போவான். வெயிலில் வைத்து ஒரு பொழுது ஆயிற்றே, ஒட்டிப் பூட்டிப் பார்ப்போம் என்று இரண்டு தரம் கேட்டான். இரண்டு தரமும் முடியாது என்றேன்.

இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகு, கேகாலை ஹார்ட்வெயார் கடையில் பெற்றோல் டாங்கிக்கென்றே கேட்டு வாங்கிய, இரண்டு டியூபையும் சமமாகக் கலக்கிற பசையைப் பூசி, மேலே கண்ணாடி நார்த் துணித்துண்டு வைத்து, அதன் மேல் இன்னொரு பூச்சுப் பூசினான். பெட்டியில் எழுதியிருந்த நேரத்தைவிடக் கூடவே இறுகவிட்டோம். பிறகு தண்ணீர் நிரப்பி, ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி துஷ்யந்தியின் வெள்ளைச் சோக்கைத் தூளாக்கிப் பூசி வைத்தேன். கசிந்தால் சோக்கில் ஈரம் தெரியும். காலையில் பார்த்தபோது காய்ந்தபடியே இருந்தது. மறுபடியும் காயவிட்டு, குழாயையும் வடிகட்டியையும் புதிதாக மாற்றிப் பூட்டி, முதலில் கொஞ்சம் பெற்றோல் மட்டும் ஊற்றிப் பார்த்தான். பிற்பாடு வசதி வந்தபோது டாங்கியையே மாற்றினான். அதுவரை அந்த ஒட்டு ஒழுகவில்லை.

பிள்ளைகளை மறுபடி ஏற்றுகிற முதல் காலை, வேனைக் கழுவித் துடைத்து லயத்து முன்னால் நிறுத்தினான். பிள்ளைகளோடு தாய்மாரும் வந்தார்கள்.  முதலில் வந்தவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேனின் பின்பக்கம் குனிந்து மூக்கால் உறிஞ்சிப் பார்த்தாள். நிமிர்ந்து தன் மகளை ஏற்றினாள். அடுத்தவளும் குனிந்தாள். அப்படியே ஒருவர் பின் ஒருவராக, பூசையில் நற்கருணைக்குப் போகிற மாதிரி வரிசையாக வந்து குனிந்து மோந்து பார்த்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றினார்கள். ரொபர்ட் கையைக் கட்டிக்கொண்டு, காது சிவக்க நின்றான்.

“வாசம் இல்ல” என்றாள் ஒருத்தி. “அந்த ஆள் வேன்ல ஊத்தியிருந்தா நம்ம புள்ளைங்கதானே வளைவுல நின்னிருக்கும். மறைக்காம சொன்னானே.”

 வேன் நிறைந்தது. கங்காணி வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. அந்த வீட்டுப் பையன்கள் இருவரும் கீழே ரோட்டில், முக்தாரின் வேனுக்காக நின்றார்கள்.

நான் ஜன்னலருகே போய், எல்லாரும் வந்துட்டாங்களே, சந்தோஷமா போ என்றேன்.

“ரெண்டு பேரு அங்க நிக்கிறானுங்க” என்றான் அவன்.

அந்தப் பையன்கள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை முக்தாரின் வேனில்தான் போனார்கள். ரோட்டில் இரண்டு வேனும் எதிர்ப்படும்போது, அவர்கள் ஜன்னல் வழியாக ரொபர்ட் மாமா என்று கை காட்டுவார்களாம். அவனும் காட்டுவானாம். அதற்கப்புறம் கியரை அவன் போடுகிற போட்டில் பிள்ளைகளின் தலை ஒரு தரம் பின்னுக்குப் போய் வரும் என்று துஷ்யந்தி சொல்வாள்.